நெட்ரா கார்வரின் வெள்ளை வான்கோழிகள்

அறுத்துப் போட்ட சோளக்கட்டையில் மூன்று பிளாஸ்டிக் பைகள் சிக்கிக் கிடப்பதாகத்தான் நெட்ரா முதலில் நினைத்தாள். நவம்பரில் காற்றடித்தால் நெடுஞ்சாலைக் கடையின் வெள்ளைப் பைகள் அவள் வயல் வரைக்கும் பறந்து வரும். பொறுக்கிவிடலாம் என்று வேலியைத் தாண்டி நடந்தாள். பாதி தூரம் போனதும் பைகளில் ஒன்று கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது.

சுற்றிலும் இருபது, இருபத்தைந்து காட்டு வான்கோழிகள். எல்லாம் வழக்கமான கறுப்பும் செம்புமாகத் தலை கவிழ்ந்து சிந்திய சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. நடுவில் இவை மூன்றும் வெள்ளை. அழுக்கு வெள்ளையோ சாம்பலோ இல்லை. துவைத்துக் காயப்போட்ட தலையணை உறை மாதிரியான வெள்ளை. இரண்டு பெட்டை, ஓர் இளஞ்சேவல்.

மற்றவை இவளைக் கண்டதும் மரங்களுக்குள் ஓடி மறைந்தன. வெள்ளை மூன்றும் கொஞ்சம் தாமதித்து, யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் போயின. அந்தத் தாமதத்தை நெட்ரா முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பி அடுப்பை அணைத்தாள். பிறகுதான் அடுப்பில் ஒன்றும் வைக்கவே இல்லை என்று கவனித்தாள்.

கணவன் வெர்லினிடம் அவள் வாய் திறக்கவில்லை. திறக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மதியத்துக்குள் தீவனக் கடையில் செய்தி பரவிவிட்டது.

லிக்ஃபோர்க் பள்ளத்தாக்கில் மழை பெய்தாலும் பன்றி குட்டி போட்டாலும் பேசித் தீர்க்கிற இடம் தீவனக் கடையின் காப்பி மேசைதான். வெள்ளை வான்கோழி விஷயத்தை அங்கே ஒரு மாதம் வைத்துத் தின்றார்கள். நெடுஞ்சாலையில் கோழிப் பண்ணை லாரி கவிழ்ந்தபோது தப்பித்தவை என்றார் ஒருவர். லாரி எப்போது கவிழ்ந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. எரிவாயுக் கிணறு தோண்டிய பிறகு ஓடைத் தண்ணீர் கெட்டுப்போய் இறகு வெளுத்துவிட்டது என்றார் இன்னொருவர். குதிரை வண்டியில் போகிற ஆமிஷ் சபையாரின் தொழுவத்திலிருந்து ஓடி வந்தவையாக இருக்கும் என்றும் பேச்சு இருந்தது. அவர்களைக் கேட்டபோது, எங்களுடையதாக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே சாப்பிட்டிருப்போமே என்றார்கள்.

வெர்லினோடு சேர்ந்து படித்த கிளைட் ரெக்டர் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னான்:

"இதுல ஆராய என்னப்பா இருக்கு? வெர்லின் அன்னைக்கு விட்டதே கூண்டுக்கோழிதான். இத்தனை வருஷம் வேஷம் போட்டுச்சுங்க, இப்போ சாயம் போயிருச்சு."

மேசையே சிரித்தது. வெர்லின் சிரிக்கவில்லை. கோடிக்கு ஒன்று இயற்கையாகவே வெள்ளையாய்ப் பிறக்கும், மானில் இல்லையா, அணிலில் இல்லையா என்று முகம் சிவக்க விளக்கினார். எழுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆனால் வான்கோழி என்று வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

அவருக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு காரியம்தான். அவருடைய தாத்தா காலத்திலேயே லிக்ஃபோர்க் காடுகளில் வான்கோழி அற்றுப்போயிருந்தது. மரத்தை எல்லாம் வெட்டி, இருந்த பறவையை எல்லாம் சுட்டுத் தின்றாகிவிட்டது. அரசாங்கம் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தது. அவை மனிதரைக் கண்டால் தீனி கிடைக்கும் என்று பின்னாலேயே வந்தன. ஒரு குளிர்காலம் தாண்டவில்லை. அசல் காட்டுப் பறவையை வலைவீசிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டால்தான் பிழைக்கும் என்று பிறகுதான் புத்தி வந்தது. அப்படி 1979 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து பதினெட்டுப் பறவைகள் வந்தன. பள்ளத்தாக்கில் அவற்றை இறக்கிவிட்டவர் வெர்லின் கார்வர். இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் கூவுகிற ஒவ்வொரு சேவலும் அந்தப் பதினெட்டின் வாரிசு. அதை அவரே எத்தனை பள்ளிக்கூடங்களில், எத்தனை தேவாலய விருந்துகளில் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

வேட்டைச் சங்கத்தார் வரும் ஏப்ரலில் அவருக்கு நினைவுக்கல் வைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். கறுப்புக் கல்லில் பேரும், பத்திரிகையில் வந்த அந்தப் பழைய புகைப்படமும் பொறிப்பதாகப் பேச்சு. வெள்ளைப் பறவை வந்த பிறகு சங்கத்தின் தலைவர் போன் செய்து, கல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா, ஊர் வாய் அடங்கட்டுமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வெர்லின் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவர் சாப்பிடாததைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த நெட்ராவுக்கு அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று தெரியும். உலகத்தில் உயிரோடு இருப்பவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. வெர்லின் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. வெர்லினுக்கு வேட்டைத் துறையில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. நன்றாகச் செய்தால் நிரந்தரம். கூட வேலை செய்தவன் டூயி ஹார்ட்சாக். அவனும் சுரங்கத்திலிருந்து வந்தவன்தான். கொஞ்சம் குடிப்பான், அதிகம் பேசமாட்டான்.

பறவைகள் வந்து சேர்ந்த மாலை பனிமழை பிடித்துக்கொண்டது. மெழுகு பூசிய அட்டைப்பெட்டிகள், பெட்டிக்கு ஒரு பறவை. மலைமேல் போகிற பாதை கண்ணாடியாக உறைந்துவிட்டதால் அன்றிரவு பெட்டிகள் கார்வர் தொழுவத்திலேயே தங்கின. காற்றுத் துளைகளை மறைக்கக்கூடாது என்று காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள். வெர்லினுக்கு மனசு கேட்கவில்லை. குளிரில் செத்துவிடுமோ என்று பயந்து லாரிக்குப் போடுகிற கனமான தார்ப்பாயை எடுத்து எல்லாவற்றையும் சுற்றி மூடினார். இளம் தகப்பன் தொட்டிலை மூடுவதுபோல மூடினார். மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

காலையில் தன்னுடைய வான்கோழிகளுக்குத் தீனி வைக்கப் போன நெட்ராதான் தார்ப்பாயை விலக்கினாள். நடுவில் இருந்த இரண்டு பெட்டிகளில் சத்தமில்லை. துளை வழியாக விரலை விட்டுப் பார்த்தாள். இறகு சில்லென்று இருந்தது.

பத்து மணிக்குத் துறை அதிகாரியும் பத்திரிகைக்காரரும் வருவதாக இருந்தது. வெர்லினை எழுப்பியிருக்கலாம். எழுப்பியிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். அப்போது அவர் அப்படிப்பட்ட ஆள்தான் என்று நெட்ரா நம்பினாள். சொல்லியிருந்தால் வேலை அன்றோடு போயிருக்கும்.

அவளுடைய பட்டியில் வெண்கல நிற வான்கோழிகள் இருந்தன. காட்டுப் பறவைக்கும் அவற்றுக்கும் பார்வைக்கு ஒரே வித்தியாசம்தான். காட்டுப் பறவையின் வால் நுனி பழுப்பு, பட்டிப் பறவையின் வால் நுனி வெள்ளை. தாமதமாகப் பொரித்து, குளிர்காலத்தில் மெலிந்து கிடந்த இரண்டு பெட்டைகளைப் பிடித்தாள். தொழுவத்தின் மூலையில் வெர்லின் நரிப்பொறிகளுக்குச் சாயம் ஏற்றுகிற பானை இருந்தது. கறுப்பு வால்நட்டின் தோலை ஊறவைத்த தண்ணீர். இரும்பின் வாடையை மறைக்கப் பொறிவைக்கிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். அதைச் சுடவைத்து, செத்த பறவையின் இறகு ஒன்றைப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்துப் பார்த்து, இரண்டு பெட்டைகளின் வாலையும் முக்கினாள். அடுப்பெதிரில் பிடித்துக் காயவைத்தாள். செத்தவற்றின் கால் வளையங்களைக் குறட்டால் விரித்தெடுத்து இவற்றுக்கு மாட்டினாள். செத்தவற்றை ரூபார்ப் செடிப் பாத்தியில் புதைத்தாள். நிறம் பார்த்த இறகை மட்டும் எதற்கோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெர்லின் எழுந்தபோது காப்பி தயாராக இருந்தது.

அந்த இரண்டு பெட்டைகளின் தகப்பன் வெள்ளைச் சேவல். பக்கத்துப் பண்ணையில் ஒரு வசந்தத்துக்கு இரவல் வாங்கியது. அதை அவள் அப்போது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பிள்ளைகளின் நிறத்தில் தெரியாதது எத்தனையோ தலைமுறை கழித்தும் தெரியும் என்று யாருக்கு யோசனை.

டூயிதான் தன் லாரியில் பெட்டிகளை ஏற்றி மலைக்கு ஓட்டினான். நெட்ராவும் வேடிக்கை பார்க்கப் போனாள். பெட்டிகளைத் திறந்ததும் பதினாறு பறவைகள் வெடிகுண்டு மாதிரிக் கிளம்பி மரங்களுக்கு மேலே போய்விட்டன. இரண்டு மட்டும் நிதானமாக வெளியே வந்து, தலையைச் சாய்த்து, கூடியிருந்தவர்களை நலம் விசாரிப்பதுபோலப் பார்த்தன. பத்திரிகைக்காரருக்குக் கொண்டாட்டம். நின்று கொடுத்தது அவை இரண்டும்தானே. மண்டியிட்ட வெர்லின், பக்கத்தில் இரண்டு பெட்டைகள் என்று படம் எடுத்துக்கொண்டார்.

டூயி குனிந்து அவற்றில் ஒன்றின் வாலைத் தட்டி விரட்டினான். பிறகு கட்டைவிரலைப் பார்த்தான். பனியில் நனைந்த சாயம் விரலில் பழுப்பாக ஒட்டியிருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி நெட்ராவைப் பார்த்தான். அவள் கையுறை போட்டிருந்தாள். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "சரி, வேலை முடிஞ்சுது, கிளம்பலாமா" என்றான். நாற்பது வருடத்தில் அவன் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். ஆறு வருடம் முன்பு செத்தும் போனான்.

வால்நட் கறை கையைவிட்டுப் போக மூன்று வாரம் ஆகும். பிப்ரவரியில் யாரும் வால்நட் உரிப்பதில்லை. நெட்ரா தேவாலயத்திலும் கையுறையோடுதான் பாடினாள்.

வேலை நிரந்தரமானது. ஆனால் வெர்லினுக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசுவதில் இருந்த ருசி வேலையில் இருக்கவில்லை. சம்பளமில்லாத விடுப்பு, முதுகுவலி, முன்கூட்டிய ஓய்வு. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி அந்த வீட்டை நிறுத்தியவள் நெட்ரா. புகைப்படம் வரவேற்பறையில் தொங்கியது. வருகிறவர்களிடம் வெர்லின் அதைக் காட்டுவார். அவள் பட்டிப் பெட்டைகள் இரண்டும் சட்டத்துக்குள்ளிருந்து அவளை நலம் விசாரிக்கும்.

*

சோதனை செய்யலாம் என்று சொன்னது வெர்லின்தான். மரபணுவைப் பார்த்தால் எது காட்டுப் பறவை, எது பண்ணைப் பறவை என்று தெரிந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஜனவரியில் ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். கிரெட்டா என்று பேர். சேறு அப்பிய காலணியை வாசலிலேயே கழற்றி வைக்கிற மரியாதை தெரிந்த பெண். சுவரில் இருந்த படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ரெண்டும் ரொம்ப சாதுவா நிக்குதே, மிஸ்டர் கார்வர்."

"மனுஷனைப் புரிஞ்சுக்கிட்ட பறவைங்கம்மா அதுங்க," என்றார் வெர்லின்.

நெட்ரா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. நாற்பத்தைந்து வருடப் பழக்கம்.

வெள்ளைப் பறவைகள் இரவில் அடைகிற மரத்தடியில் உதிர்ந்த இறகுகளைச் சேகரித்து அனுப்பினால் போதும் என்று கிரெட்டா காகித உறைகளைக் கொடுத்தாள். வெர்லினால் சரிவில் ஏறமுடியாது. நெட்ரா போகிறேன் என்றாள். அவர் அலட்சியமாகக் கையை வீசினார்.

"அவளுக்கு எது எந்த இறகுன்னு தெரியுமோ என்னவோ. நீங்க தெளிவாச் சொல்லிக் கொடுத்துருங்கம்மா. இவ பட்டிக்கோழிக்காரி, காட்டுப் பறவை எல்லாம் பிடிபடாது."

அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்தாள். நெட்ரா உறைகளை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை சிகமோர் மரங்களின் அடியில் பனிமேல் இறகுகள் கிடந்தன. பழுப்பு நுனியோடு இருந்தவை நிறைய. வெள்ளை நாலைந்து. மலைக்கு அந்தப் பக்கம் வேறு கூட்டம் இருக்கிறது, வேறு பறவைகளின் வழிவந்தது. பேருந்து ஓட்டிய காலத்தில் தினமும் பார்த்திருக்கிறாள். அங்கே போய் இறகு பொறுக்கி உறையில் போட அரைமணி நேரம் ஆகும். வெள்ளை எதுவும் உதிரவில்லை என்று சொல்லிவிடலாம். முடிவு சுத்தமாக வரும், கல் வைப்பார்கள், கிளைட் வாயை மூடுவான். அவள் செய்து பழகிய வேலைதான் அது.

குனிந்து வெள்ளை இறகுகளைப் பொறுக்கினாள். பட்டிக்கோழிக்காரி என்ற சொல் இன்னும் காதில் இருந்தது. உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, மேலே தேதி எழுதினாள். கையெழுத்துத் தெளிவாக இருந்தது.

மார்ச் மாதம் கிரெட்டா நேரில் வந்தே சொன்னாள். வெள்ளை மூன்றிலும் பண்ணை ரத்தம் இருக்கிறது. புதிதாகக் கலந்தது இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. ஆரம்பத்தில் விடப்பட்ட பறவைகளிலேயே ஒன்றோ இரண்டோ பண்ணைப் பறவையாக இருந்திருக்கவேண்டும். மற்றவை அசல் காட்டுப் பறவைகள்தான், உங்கள் வேலை வீணில்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது வெர்லின் காதில் ஏறவே இல்லை.

இரண்டு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டு தீவனக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஆறேழு வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். பீன்ஸும் சோளரொட்டியும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"எல்லாம் புரிஞ்சு போச்சு நெட். பெட்டியை ஓட்டிக்கிட்டுப் போனது யாரு? டூயி. வழியில சிகரெட் வாங்கணும்னு நிறுத்தினானே, ஞாபகம் இருக்கா? அங்கதான் மாத்தியிருக்கான். காட்டுப் பறவை ரெண்டை எவன்கிட்டயோ வித்துட்டு, கோழியைத் திணிச்சிருக்கான். குடிகாரப்பய."

ஊருக்கு இது வசதியாக இருந்தது. டூயி குடித்தது எல்லோருக்கும் தெரியும். செத்தவன் வந்து மறுக்கவும் மாட்டான். கிளைட் ரெக்டரே கட்சி மாறி, சிகரெட்டுக்கு நிறுத்திய லாரியில் வெறும் பெட்டி இரண்டைத் தானே பார்த்ததாக ஞாபகப்படுத்திக்கொண்டான். சங்கத் தலைவர் போன் செய்து, பாவம் வெர்லின், உங்களை ஏமாற்றிவிட்டானே என்றார். கல் வெட்டக் கொடுத்தாகிவிட்டது.

டூயியின் மனைவி ஓனா மலைக்குக் கீழே தனியாக இருந்தாள். தேவாலய விருந்தில் யாரோ அவள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். சுட்டுக்கொண்டுபோன பலகாரத்தை மேசையில் வைக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று மாலை போன் வந்தது.

"நெட்ரா, என் ஆளு குடிச்சான், ஒத்துக்கிறேன். ஆனா எவன் வீட்டு முட்டையையாவது எடுத்திருப்பானா? உன் புருஷன்கிட்ட கேட்டுச் சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

நெட்ரா பதில் சொல்ல வாயெடுத்தாள். வரவேற்பறையில் வெர்லின் யாரிடமோ நினைவுக்கல்லின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள்.

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தார்ப்பாயில் ஆரம்பித்து வால் சாயம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பாத்திரம் தேய்த்துக் கவிழ்ப்பது மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவள் முடித்ததும் வெர்லின் கேட்டார்.

"எந்த ரெண்டு?"

அவள் சுவரைக் காட்டினாள்.

அவர் எழுந்து போய்ப் படத்தின் முன் நின்றார். முழங்கால் வலிக்கிறவர் அவ்வளவு நேரம் நின்றதை அவள் பார்த்ததில்லை. தார்ப்பாய் போட்டதற்காக அழுவார், அல்லது அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள்.

"டூயிக்குத் தெரியுமா?"

"தெரியும். பார்த்துட்டான். ஒரு வார்த்தை பேசல. அவன் பேசியிருந்தா உனக்கு வேலையே இல்ல வெர்லின்."

அவர் தலையை ஆட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

"கல்லுல அந்தப் படத்தையே பொறிச்சுட்டாங்க. போன வாரமே முடிஞ்சுது."

"நான் டூயியைப் பத்திப் பேசுறேன்."

"செத்தவனுக்கு இனி என்ன குறையப்போகுது?"

"ஓனா சாகல."

"யார்கிட்டயும் சொல்லாத நெட்." குரலில் கோபமே இல்லை. கெஞ்சல்கூட இல்லை. உப்பை எடுத்துக் கொடு என்கிற தோரணைதான். "அன்னைக்கு எனக்காகத்தானே செஞ்ச? இதையும் எனக்காகச் செஞ்சுரு."

நெட்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பினால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்து ஒரு மனிதனை அன்றைக்குத் தூங்கவிட்டாள். அப்படி ஒரு மனிதன் அந்தக் கட்டிலில் எப்போதாவது இருந்தானா என்று இப்போதுதான் சந்தேகம் வந்தது.

*

நினைவுக்கல் திறப்பு வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து. தலைவலி என்று சொல்லி வெர்லினைச் சங்கத் தலைவரின் காரில் அனுப்பிவிட்டு, நெட்ரா மலையிறங்கி ஓனா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே சொன்னாள். ஓனா உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை.

கேட்டு முடித்ததும் ஓனா சொன்னாள்:

"அன்னைக்கு அவன் கட்டைவிரல் பழுப்பா இருந்துச்சு. என்னான்னு கேட்டேன். வெர்லினுக்குப் பொறி சாயம் போட்டேன்னான். பொறி வைக்கிற காலம் முடிஞ்ச பிப்ரவரியில என்ன சாயம்னு கேட்டேன். சிரிச்சான். எவ வீட்டுக்கோ போய்ட்டு வந்திருக்கான்னு நெனச்சு ரெண்டு மாசம் அவன்கூடப் பேசல நான்."

நெட்ரா கோட்டுப் பையிலிருந்து பழைய பள்ளிப் பேருந்துக் குறிப்பேட்டை எடுத்து, நடுவிலிருந்த இறகைக் காட்டினாள். நாற்பத்தைந்து வருடத்தில் பூச்சி கொஞ்சம் அரித்திருந்தது. நுனியின் பழுப்பு அப்படியே இருந்தது.

"இதை எங்கிட்டக் காட்டி என்ன ஆகப்போகுது?" ஓனா கார் சாவியை எடுத்தாள். "அங்க வந்து காட்டு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது துணியை விலக்கியாகிவிட்டது. நாற்பது, ஐம்பது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கல்லில் வெள்ளைக் கோடுகளாய் இளம் வெர்லின் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் நெட்ராவின் இரண்டு பெட்டைகள், இறகு இறகாக, நுணுக்கமாக. ஓனாவின் காரிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்த்ததும் வெர்லின் கைதட்டலை நிறுத்தினார். தனக்கான கைதட்டலில் அவரும் சேர்ந்திருந்தார்.

நெட்ரா நடந்து போய்க் கல்லின் பக்கத்தில் நின்றாள். பேருந்தில் பிள்ளைகளை அடக்குகிற குரல் இன்னும் அவளிடம் இருந்தது. டூயி ஹார்ட்சாக் எதையும் திருடவில்லை, பறவையை மாற்றியது நான், இந்தக் கல்லில் இருக்கிற இரண்டும் என் பட்டிக்கோழிகள், வாலுக்குச் சாயம் போட்டேன் என்றாள். இறகை உயர்த்திக் காட்டினாள்.

கிளைட்தான் முதலில் சிரித்தான்.

"சாயமா? வான்கோழிக்கு முடிதிருத்தும் கடை வேற வெச்சிருந்தியா நெட்ரா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் வெர்லினைப் பார்த்தார்கள். அவர் கோலை ஊன்றி வந்தார். அவள் தோளில் கைபோட்டார். கூட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், வருத்தத்தோடு சொன்னார்:

"கொஞ்ச நாளாவே இவளுக்கு இப்படித்தான். ஒண்ணும் வைக்காத அடுப்பை அணைக்கப் போறா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். மன்னிச்சுக்கங்க."

அந்த நவம்பர் காலையில் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார் என்பது நெட்ராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் முழுக்க இளகியது. சங்கத் தலைவரின் மனைவி ஓடிவந்து முழங்கையைப் பிடித்து மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒருத்தி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து காகிதக் கோப்பையை இரண்டு கையிலும் வைத்து விரல்களை மூடினாள். நெட்ராவின் பேருந்தில் பன்னிரண்டு வருடம் போய்வந்த பெண் அவள். "குடிங்க மிஸஸ் கார்வர், வெயிலு" என்றாள். நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்றாள் நெட்ரா. ஆமாம் ஆமாம் என்றாள் அந்தப் பெண். இறகு புல்லில் விழுந்து கிடந்தது. ஓனா குனிந்து அதை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்திரு," என்றாள் ஓனா. "நான் கேட்டுட்டேன். எனக்குப் போதும்னு சொல்லமாட்டேன். ஆனா இவங்க கொடுக்கிறதைக் குடிக்காத."

நெட்ரா கோப்பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். வெர்லின் கூப்பிடவில்லை. அவரைச் சுற்றி ஆறுதல் சொல்லக் கூட்டம் சேர்ந்திருந்தது.

பள்ளத்தாக்குச் சாலையில் இரண்டு வளைவு தாண்டியதும் ஓனா பிரேக் அடித்தாள். சாலை நடுவில் வெள்ளைச் சேவல் நின்றிருந்தது. குளிர்காலத்தில் வளர்ந்து மார்பு நிறைந்து, வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. கூட வந்த பழுப்புப் பறவைகள் காரின் சத்தத்துக்கே புதருக்குள் போய்விட்டன. ஓனா ஹாரன் அடித்தாள். அது தலையைச் சாய்த்துக் காரைப் பார்த்தது.

வருகிற சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. வெள்ளையை யார் முதலில் அடிப்பது என்று தீவனக் கடையில் இப்போதே பந்தயம் கட்டியிருந்தார்கள்.

நெட்ரா கதவைத் திறந்து இறங்கினாள். சாலையோரத்தில் ஒரு கை சரளைக் கல்லை அள்ளி வீசினாள். கல் முதுகில் பட்டது. சேவல் இரண்டடி தள்ளிப்போய் நின்று, இவளுக்கு என்ன வந்தது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

"ஓடு," என்றாள். "ஓடித் தொலையேன்."

அது நின்றது. நெட்ரா மறுபடியும் குனிந்து, இந்தமுறை பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கினாள்.